சிமெண்டு போடாத மூலை

இரவு வேலை முடிந்து வந்து
பாயா தெருபோங் வீட்டுக் கேட்டைத் தள்ளினால்
பாதியில் நின்றுவிட்டது.
கல் என்று நினைத்துக்
காலால் நகர்த்தப் போனேன்.
கல், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

முந்தின நாள் மலையில் பெய்த மழை
எங்கள் தாமானின் லோங்காங்கை நிரப்பி
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும்
யாருடையதோ ஒற்றைச் செருப்பையும்
இந்த ஆமையையும்
என் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது.

கறுத்த முகத்தில் மஞ்சள் கோடுகள்.
தூக்கியதும் வயிற்றோடு
கதவைப்போல் மூடிக்கொண்டது.
ஓட்டின் பின்விளிம்பில்
டிரில் போட்டுத் துளைத்த ஓட்டை.
அதிலிருந்து ஒரு முழம் துருக்கம்பி,
கேட்டின் சக்கரத்தில் சிக்கியிருந்தது.
யாரோ, எங்கேயோ,
ஒரு தூணையும் ஒரு வாளித் தண்ணீரையும் காட்டி
இவ்வளவுதான் உலகம் என்று
கட்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

பிளையர் தேடி எடுத்தேன்.
நாளுக்கு இருபது பேருக்கு
டயாலிசிஸ் ஊசி ஏற்றிப் பழகிய கை,
ஒரு கம்பிக்கு நடுங்கியது.
அறுந்ததும்
என் சீருடையில் மூத்திரம் பெய்தது.
நன்றி என்று எடுத்துக்கொள்ள
எனக்கு அவ்வளவு கற்பனை இல்லை.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த கூய் ஆன்ட்டி
"கோயில் குளத்தில் கொண்டுபோய் விடு,
புண்ணியம்" என்றாள்.
நான் பார்த்த குளத்தில்
ஒருவர் புண்ணியத்தின் முதுகில்
இன்னொருவர் புண்ணியம் ஏறி,
அதன்மேல் மூன்றாவது ஏறி
வெயில் காய இடம் தேடிக்கொண்டிருந்தது.
தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

சாயங்காலம் எழுந்து பார்த்தால்
எலுமிச்சைக்கும் பண்டான் புதருக்கும் நடுவே
பின்னங்கால்களால் தோண்டிக்கொண்டிருந்தது.
இடது. வலது. இடது.
தனக்குப் பின்னால் நடக்கும் காரியத்தை
ஒரு தடவைகூடத் திரும்பிப் பாராமல்.
நான் விளக்கைப் போடவில்லை.
குழாயைத் திறக்கவில்லை.
கொதித்த பால் பொங்கி வழிந்து
அடுப்பைத் தானே அணைத்துக்கொண்டது.

இரண்டு முட்டை.
மண்ணை மூடி, வயிற்றால் அழுத்தி,
லோங்காங் பக்கம் நடந்தது.
செங்குத்துச் சுவர்.
பழைய பலகையொன்றைச் சாய்த்துக் கொடுத்தேன்.
பாதி நடந்தது,
மீதி விழுந்தது,
போய்விட்டது.

திங்கட்கிழமை அந்தத் தரை முழுக்கச் சிமெண்டு.
கார் நிறுத்த.
முன்பணம் ஐந்நூறு ரிங்கிட்
கொடுத்தும் ஆகிவிட்டது.
ரொஸ்லானுக்குப் போன் போட்டு
மூன்று மாசம் பொறுங்கள் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"காக், பணம் சிக்கலா?"
ஆமாம் என்றேன்.
முட்டை என்று சொல்வதைவிடக்
கடன் என்று சொன்னால்
யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

உடும்புக்குப் பயந்து
துணிக்கூடையைக் கவிழ்த்துச்
செங்கல் வைத்தேன்.
வேலையிலிருந்து வந்ததும்
செருப்பைக் கழற்றுவதற்கு முன்
கூடையைத் தூக்கிப் பார்ப்பேன்.
மண். மண்.
ஒரு நாள் எறும்பு.
மறுபடி மண்.

எண்பத்தோராம் நாள்
எலுமிச்சம்பழ அளவில் ஒரு குழி.
நகம்போல் வெள்ளை ஓடு, இரண்டு துண்டு.
கூடையின் விளிம்புக்கு அடியில்
மண் பறித்திருந்தது.
உள்ளிருந்து வெளியே பறித்ததா,
வெளியிலிருந்து உள்ளேயா,
மண்டியிட்டுப் பார்த்தும் தெரியவில்லை.
பலகையில் ஈரக் கோடு இருந்தது.
இரவு மழையும் பெய்திருந்தது.

அடுத்த வாரம் ரொஸ்லானே கூப்பிட்டார்.
வாருங்கள் என்றேன்,
அந்த எலுமிச்சை மூலையை மட்டும்
விட்டுவிடுங்கள்.
ஏன் என்று கேட்டார்.

அதற்கு மட்டும்
இன்னும் பணம் சேரவில்லை என்றேன்.